படப்புள்ளிக்குள் நிற்காத மின்னழுத்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உயர் தெளிவுத் திரைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த குறிப்பைப் படித்துவிட்டு மியன்மாரின் யாங்கோன், மோல்மேன், பெகு, தட்டோன், மாந்தலே ஆகிய ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் ஒரே பொருளைச் சுற்றி வருவதால், அவற்றுள் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டு விடை எழுதுகிறோம்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் மின்சாரம் ஏறி இறங்குவது வழக்கமாகிவிட்டதால், புதிதாக வாங்கிய 4கே தொலைக்காட்சிக்கு ஸ்டெபிலைசர் பொருத்தினேன். அப்படியும் சாம்பல் நிறப் பின்னணி வரும்போது திரை மெல்லத் துடிக்கிறது. பிக்சலில் (படப்புள்ளியில்) வோல்டேஜ் நிலையாக இல்லை என்கிறார் பழுதுபார்ப்பவர். இன்னும் பெரிய ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா? (வாசகர், தாமுவே, யாங்கோன்)

பதில்: வேண்டாம். பழுதுபார்ப்பவர் சொன்னது சரியாக இருக்கக்கூடும். அதற்கான மருந்து ஸ்டெபிலைசரில் இல்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் பிக்சலைச் சென்று சேர்வதே இல்லை. தொலைக்காட்சிக்குள் இருக்கும் பவர் சப்ளை அதை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு 12 வோல்ட் போன்ற தாழ்ந்த அழுத்தமாக்கி பேனலை (திரைத்தகட்டை) இயக்கும் டி-கான் போர்டுக்குக் கொடுக்கிறது. அந்தப் போர்டில் உள்ள தனிச் சில்லு ஒன்று அதிலிருந்து பேனலுக்கு வேண்டிய நான்கைந்து அழுத்தங்களைத் தானே உண்டாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. இப்போது விற்கப்படும் தொலைக்காட்சிகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. ஆகவே வீட்டு மின்சாரம் 180 வோல்டுக்கு இறங்கினாலும் பிக்சலுக்கு அது தெரியாது. மிகவும் இறங்கிவிட்டால் தொலைக்காட்சி அணைந்துபோகுமே தவிரத் துடிக்காது. குளிர்சாதனப் பெட்டிக்கு ஸ்டெபிலைசர் பயனுள்ளது. தொலைக்காட்சிக்கோ, போன மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் பாயும் உயர் அழுத்தத்தைத் தடுக்கும் கருவி ஒன்று போதும். கடைக்காரர் வேறு விதமாகச் சொல்வார், அது அவர் வியாபாரம்.

துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். வெள்ளை, சாம்பல், அடர்நிறம் என்ற வேறுபாடின்றித் திரை முழுவதும் ஒரே சீராகத் துடித்தால் திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பேக்லைட்டையோ அதை இயக்கும் டிரைவரையோ சந்தேகிக்க வேண்டும். நடுத்தரச் சாம்பலில் மட்டும் தெரிந்து, முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் மறைந்து, திரையின் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால் அது பிக்சல் அழுத்தத்தின் குறை. உங்கள் கடிதத்தில் உள்ள விவரம் இந்த இரண்டாவது வகையைச் சுட்டுகிறது. உத்தரவாதக் காலம் முடியுமுன் வாங்கிய இடத்தில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் தொழில்நுட்பக் கல்லூரி மாணவன். பிக்சல்களின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றின் மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருப்பது கடினம் என்று வகுப்பில் சொன்னார்கள், காரணத்தை விளக்கவில்லை. தாங்கள் கணக்கோடு விளக்குவீர்களா, ஐயா? (மாணவர், மோல்மேன்)

பதில்: விளக்கலாம், தம்பி, கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

எல்.சி.டி. (திரவப்படிக) பேனலில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று துணைப்புள்ளிகளால் ஆனது. 4கே திரையில் 3840 பெருக்கல் 2160 பிக்சல்கள், அதாவது 82,94,400, துணைப்புள்ளிகள் 2,48,83,200. ஒவ்வொரு துணைப்புள்ளியிலும் ஒரு மெல்லிய படல டிரான்சிஸ்டரும், திரவப்படிகமே இரண்டு மின்வாய்களுக்கு இடையே நின்று உண்டாக்கும் மின்தேக்கியும், அதற்குத் துணையாக வைக்கப்பட்ட சேமிப்பு மின்தேக்கியும் இருக்கின்றன. உங்கள் பக்கத்து வயல்களில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள்: தன் முறை வரும்போது மடையைத் திறந்து நிரப்பிக்கொண்ட வயல், அடுத்த முறை வரும்வரை அந்த நீரை வைத்துக்கொண்டே பிழைக்க வேண்டும். பிக்சலும் அப்படித்தான் வாழ்கிறது. டிரான்சிஸ்டர் திறந்திருக்கும் சிறு பொழுதில் மின்னூட்டத்தை ஏற்றுக்கொண்டு, அடுத்த முறை வரும் வரை, அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் 16.7 மில்லிவிநாடி நேரம், அதைக் காத்து நிற்க வேண்டும். நிலையின்மை மூன்று இடங்களில் உண்டாகிறது: நிரம்பும்போது, மடை மூடும்போது, காத்து நிற்கும்போது.

முதலில் நிரம்புவதைப் பார்ப்போம். 16.7 மில்லிவிநாடிக்குள் 2160 வரிசைகளையும் திறந்து மூட வேண்டுமென்றால் ஒரு வரிசைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 7.7 மைக்ரோவிநாடி. விநாடிக்கு 120 முறை புதுப்பித்தால் அது 3.9 மைக்ரோவிநாடியாகும், 4320 வரிசைகள் கொண்ட 8கே திரையில் அதே வேகம் என்றால் 2 மைக்ரோவிநாடிகூட இல்லை. துணைப்புள்ளியின் மொத்த மின்தேக்கத்தை 0.5 பிகோஃபாரட் என்றும், திறந்த நிலையில் டிரான்சிஸ்டரின் மின்தடையை 1 மெகாஓம் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் கால மாறிலி 0.5 மைக்ரோவிநாடி. வேண்டிய அழுத்தத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் சென்று சேர ஏழு கால மாறிலிகள், அதாவது 3.5 மைக்ரோவிநாடி வேண்டும். 60 முறை புதுப்பிக்கும் 4கே திரையில் இது வசதியாக அடங்கும். 120 முறை என்றால், நீண்ட உலோகக் கம்பியில் சமிக்ஞை பயணம் செய்வதற்கு ஆகும் தாமதத்தையும் சேர்க்கும்போது, இடமில்லாமல் போகிறது. பாதி நிரம்பிய பிக்சல் தன் பழைய நிறத்தின் சாயலைச் சுமந்துகொண்டே நிற்கும்.

இதற்கு மாற்றுகள் உண்டு. படிக ஒழுங்கற்ற சிலிக்கானில் எலக்ட்ரான்களின் இயக்கத்திறன் 0.5 முதல் 1 வரை என்ற அளவில் இருக்க, இன்டியம், காலியம், துத்தநாகம் கலந்த ஆக்சைடில் அது 10 என்ற அளவிலும், தாழ்வெப்பப் பல்படிகச் சிலிக்கானில் அதைப்போல் பல மடங்காகவும் இருக்கிறது (அலகு: வோல்ட்-விநாடிக்குச் சதுர சென்டிமீட்டர்). இயக்கத்திறன் கூடினால் திறந்த நிலை மின்தடை குறையும், நேரம் மிச்சமாகும். கம்பிகளை அலுமினியத்திலிருந்து செம்புக்கு மாற்றினால் மின்தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பெரிய பேனல்களில் வரிசைக் கம்பியை இரு முனைகளிலிருந்தும் இயக்குவார்கள். தன் முறைக்குச் சற்று முன்பே, மேலுள்ள வரிசைக்கான சமிக்ஞை ஓடும்போதே, டிரான்சிஸ்டரைத் திறந்து ஓரளவு நிரப்பி வைக்கும் முறையும் உண்டு.

இரண்டாவது இடம்தான் வடிவமைப்பாளர்களுக்குப் பெரும் தலைவலி. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. டிரான்சிஸ்டரைத் திறக்க, கேட் எனப்படும் அதன் கட்டுப்பாட்டு முனைக்கு ஏறத்தாழ 28 வோல்டும், மூட ஏறத்தாழ கழித்தல் 7 வோல்டும் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடும் கணத்தில் கேட்டின் அழுத்தம் 35 வோல்ட் சரிகிறது. கேட்டுக்கும் பிக்சல் மின்வாய்க்கும் இடையே, விரும்பாவிட்டாலும், 0.01 பிகோஃபாரட் அளவில் ஒட்டு மின்தேக்கம் இருக்கிறது. அதன் வழியே அந்தச் சரிவின் ஒரு பங்கு பிக்சலையும் கீழே இழுக்கிறது. எவ்வளவு? 35ஐ 0.01ஆல் பெருக்கி மொத்த மின்தேக்கமான 0.5ஆல் வகுத்தால் 0.7 வோல்ட். திரவப்படிகம் வேலை செய்யும் வீச்சு 5 வோல்ட் என்றால், ஒளியின் 256 படிகளுள் ஒரு படிக்குச் சராசரியாகக் கிடைப்பது 20 மில்லிவோல்ட். அதாவது பிக்சல் தன் இடத்திலிருந்து 35 படிகள் கீழே தள்ளப்படுகிறது.

எல்லாப் பிக்சலும் எப்போதும் ஒரே 0.7 வோல்ட் இறங்கினால் கவலையில்லை. திரை முழுவதற்கும் பொதுவான எதிர் மின்வாயின் அழுத்தத்தை, தொழிலில் விகாம் என்று சொல்லப்படுவதை, அதே அளவு இறக்கி வைத்தால் கணக்குச் சரியாகிவிடும். இறக்கம் சமமாக இல்லை என்பதுதான் சிக்கல். திரவப்படிகத்தின் மூலக்கூறுகள் திரும்பி நிற்கும் கோணத்தைப் பொறுத்து அதன் மின்தேக்கம் மாறுகிறது, மொத்தம் 0.5லிருந்து 0.45 ஆனால் இறக்கம் 0.7லிருந்து 0.78 வோல்டாகிறது. ஆகவே வெளிர்நிறப் பிக்சலுக்குப் பொருந்தும் விகாம் அடர்நிறப் பிக்சலுக்குப் பொருந்தாது. மேலும், வரிசைக் கம்பியின் தொடக்கத்தில் செங்குத்தாகச் சரியும் கேட் சமிக்ஞை, தொலைமுனையைச் சேரும்போது சாய்ந்து மெதுவாகச் சரிகிறது. அங்கே டிரான்சிஸ்டர் உடனே மூடாமல் இழந்த மின்னூட்டத்தில் கொஞ்சத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதால் இறக்கம் குறைகிறது. திரையின் ஒரு பக்கம் துடிப்பு கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

பிக்சல் ஏன் துடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். திரவப்படிகத்தின் மேல் ஒரே திசையில் அழுத்தம் நீடித்தால் அது கெட்டுப்போகும் என்பதால், ஒரு சட்டத்தில் (ஒரு முறை புதுப்பிக்கப்படும் முழுப் படத்தில்) விகாமுக்கு மேலும் அடுத்த சட்டத்தில் விகாமுக்குக் கீழுமாக அழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். விகாம் நடுவில் சரியாக நிற்காவிட்டால் மேல் சட்டத்தின் ஒளியும் கீழ்ச் சட்டத்தின் ஒளியும் வேறுபட்டு, 60 முறை புதுப்பிக்கப்படும் திரை விநாடிக்கு 30 முறை துடிக்கும். அண்டைப் பிக்சல்களுக்கு எதிர்எதிர்த் திசைகளைக் கொடுத்தால் துடிப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்து கண்ணுக்கு மறைகின்றன. அவை இல்லாமல் போவதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். பிக்சலின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் பரப்பு கால்பங்காகிறது. அதே படலங்களை வைத்துக்கொண்டால் சேமிப்பு மின்தேக்கமும் கால்பங்காகிறது. டிரான்சிஸ்டர் அதே விகிதத்தில் சிறுப்பதில்லை: அச்சடிக்கும் நுட்பத்துக்கு ஓர் எல்லை உண்டு, நிரப்ப வேண்டிய நேரமும் குறைந்திருக்கிறது. எனவே ஒட்டு மின்தேக்கம் ஏறக்குறைய அப்படியே நிற்க, அதைத் தாங்க வேண்டிய மொத்த மின்தேக்கம் கரைந்துபோகிறது. மூடும்போது ஏற்படும் இறக்கம் பெருகுகிறது. அங்குலத்துக்கு 500 பிக்சல் கொண்ட கைப்பேசித் திரையில் ஒரு பிக்சலின் அகலமே 51 மைக்ரோமீட்டர்தான். அதை மூன்றாகப் பிரித்தால் துணைப்புள்ளிக்கு 17 மைக்ரோமீட்டர்.

சேமிப்பு மின்தேக்கியைப் பெரிதாக்கினால் அது ஒளி கடக்கும் வழியை அடைக்கும், திரை மங்கும். பிக்சல் மின்வாயையும் பொது மின்வாயையும் ஒளி ஊடுருவும் பொருளால் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் மெல்லிய காப்புப் படலம் மட்டும் வைத்து அமைக்கும் முறையில் இந்த முரண்பாடு பெரிதும் தீர்கிறது, ஏனெனில் ஒளி கடக்கும் பரப்பே மின்தேக்கியாகவும் ஆகிவிடுகிறது. கேட்டின் விளிம்பை அச்சாகக் கொண்டே மற்ற பகுதிகளை உருவாக்கி ஒட்டு மின்தேக்கத்தைக் குறைப்பதும், கேட்டின் அழுத்தத்தை ஒரே வீழ்ச்சியாக இறக்காமல் முதலில் பாதி, பிறகு மீதி என்று படிப்படியாக இறக்குவதும் மற்ற இரண்டு வழிகள். ஒவ்வொரு நிறப்படிக்கும் மேல், கீழ்ச் சட்டங்களுக்குரிய அழுத்தங்களைச் சமச்சீரில்லாமல் வைத்து, மீந்த வேறுபாட்டைக் கணக்கிலேயே கழித்துவிடுவதும் வழக்கம். காத்து நிற்கும்போது நேரும் கசிவைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் பார்க்கலாம்.

கேள்வி: இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார்? (வாசகர், மாந்தலே)

பதில்: ஒருவர் அல்லர். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் வேண்டும் என்ற கருத்தை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பெர்னார்ட் லெக்னரும் அவருடைய கூட்டாளிகளும் 1971இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடியின் குழு காட்மியம் செலினைடு டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 1970களின் தொடக்கத்தில் அதைச் செய்து காட்டியது. 1979இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் லெகோம்பர், ஸ்பியர் ஆகியோர் படிக ஒழுங்கற்ற சிலிக்கானில் டிரான்சிஸ்டர் அமைத்த பிறகே மலிவான கண்ணாடித் தகட்டில் பெரிய திரைகளைச் செய்ய வழி பிறந்தது.

கேள்வி: பழைய பேனல்களில் விகாமைச் சரிசெய்யத் திருப்பும் பிரீசெட் ஒன்று இருந்தது. இப்போதைய டி-கான் போர்டுகளில் அதைக் காணோம். மாற்றுப் போர்டு போட்டபின் படம் துடிக்கிறது. மல்ட்டிமீட்டரை வைத்துப் பிக்சல் வோல்டேஜைப் பார்க்க முடியுமா? (டி.வி. பழுதுபார்ப்பவர், பெகு)

பதில்: பிக்சலில் அளக்க முடியாது. அலைநோக்கியின் சாதாரண முனைக்கே 10 பிகோஃபாரட் அளவில் மின்தேக்கம் உண்டு. அது துணைப்புள்ளியின் மொத்த மின்தேக்கத்தைப் போல் இருபது மடங்கு. தொட்ட மாத்திரத்தில் அங்கிருந்த மின்னூட்டம் போய்விடும். நீங்கள் அளக்கக்கூடியவை போர்டில் உள்ள மூல அழுத்தங்கள் மட்டுமே: கேட்டைத் திறக்கும் உயர் அழுத்தம், மூடும் எதிர்மறை அழுத்தம், பிக்சல்களுக்குப் படச் சமிக்ஞையை அனுப்பும் சோர்ஸ் டிரைவருக்கான அழுத்தம், விகாம். திறக்கும் அழுத்தம் குறைந்திருந்தால் பிக்சல்கள் சரியாக நிரம்புவதில்லை. மூடும் அழுத்தம் போதிய அளவு எதிர்மறையில் இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் முழுமையாக மூடாமல் மின்னூட்டம் கசிந்து படம் வெளுக்கிறது. இவ்விரண்டையும் பார்த்த பிறகே விகாமைக் குறைசொல்ல வேண்டும்.

பிரீசெட்டின் வேலையை இப்போது எண்ணால் அமைக்கும் சில்லு செய்கிறது. தொழிற்சாலையில் அந்தப் பேனலுக்கென்று பார்த்து வைத்த எண் நினைவுச் சில்லில் பதிந்திருக்கும். வேறு பேனலிலிருந்து கழற்றிய போர்டு அந்தப் பேனலின் எண்ணையே சுமந்து வருகிறது. ஆகையால் பெயர்ப் பலகையில் ஒரே எண் கொண்ட போர்டுகளிலும் சிறு துடிப்பு வரலாம். பழைய போர்டு கையில் இருந்து, அதன் நினைவுச் சில்லு தனியாக உள்ள வகையாகவும் இருந்தால், அதை மாற்றிப் பொருத்துவதோ அதன் பதிவைப் படித்துப் புதியதில் எழுதுவதோ நல்ல வழி. கையால் அமைக்கத்தான் வேண்டும் என்றால் பேனல் அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகு, ஒரே திசைப் பிக்சல்கள் மட்டும் எரியும் சோதனைக் கட்டத்தை வரவைத்து, திரையின் நடுவில் துடிப்பு மிகக் குறையும் எண்ணைத் தேடுங்கள். சாதாரணச் சாம்பல் திரையை வைத்துக்கொண்டு தேடினால் அண்டைப் பிக்சல்கள் பிழையை மறைத்துவிடும்.

கேள்வி: கடைத் தொலைக்காட்சியில் நாள் முழுதும் ஒரே செய்தி அலைவரிசை ஓடுகிறது. வேறு படம் போட்டாலும் அதன் முத்திரை மங்கலாகத் தெரிகிறது. சித்திரையில் தண்ணீர்த் திருவிழாச் சமயத்து வெயிலில் இது அதிகம். மின்சாரம் சட்டென்று நிற்கும்போது திரையில் படத்தின் நிழல் ஒரு கணம் தங்குவதும் உண்டு. இரண்டும் ஒன்றா? (வாசகர், தட்டோன்)

பதில்: வேறு வேறு. முதலாவது, விகாம் சற்றே விலகியிருப்பதால் எஞ்சும் நேர்மின்னழுத்தத்தின் விளைவு. திரவப்படிகத்தில் மிகச் சிறு அளவில் இருக்கும் அயனிகள், படம் மாறாமல் நிற்கும் இடத்தில், அந்த எச்ச அழுத்தத்தின் பின்னால் மெல்ல நகர்ந்து ஓரப் படலத்தில் ஒதுங்குகின்றன; படம் மாறிய பிறகும் அவற்றின் புலம் அங்கேயே நிற்கிறது. வெப்பத்தில் அயனிகள் வேகமாக நகர்வதால் சித்திரையில் கூடுதலாகத் தெரிகிறது. சயனோ வகைத் திரவப்படிகங்களைக் கைவிட்டு, மின்தடை மிகுந்த ஃபுளோரின் வகைகளை இத்திரைகளில் பயன்படுத்துவதற்கு இந்த அயனித் தொல்லையே பெரிய காரணம். சில மணி நேரம் அணைத்து வைத்தாலோ அசையும் படங்களை ஓடவிட்டாலோ பெரும்பாலும் மறையும்.

இரண்டாவதில், மின்சாரம் போனதும் எல்லா டிரான்சிஸ்டர்களும் மூடிய நிலையில் பிக்சல்களில் மின்னூட்டம் சிறைப்படுகிறது. அதை வெளியேற்ற, அழுத்தம் விழத் தொடங்கியதும் எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிடும் ஏற்பாடு, வரிசைகளைத் திறந்து மூடும் கேட் டிரைவர்கள் பலவற்றில் இருக்கிறது. அந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யாதபோதுதான் நிழல் தங்கும். நாளுக்குப் பலமுறை மின்சாரம் போகும் நம் ஊர்களில் இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புக்குக் குறைவில்லை.

கேள்வி: கைக்கடிகாரத் திரை விநாடிக்கு ஒரே முறை புதுப்பிக்கப்படுவதாகப் படித்தேன். அவ்வளவு நேரம் மின்னூட்டம் எப்படி நிற்கிறது? (கல்லூரி மாணவி, யாங்கோன்)

பதில்: சாதாரண டிரான்சிஸ்டரில் நிற்காது என்பதே விடையின் முதல் பாதி. மூடிய நிலையில் 1 பிகோஆம்பியர் கசிகிறது என்று கொள்ளுங்கள். 0.5 பிகோஃபாரட் மின்தேக்கத்தில் 16.7 மில்லிவிநாடிக்குள் அழுத்தம் 33 மில்லிவோல்ட் குறையும். ஒன்றரைப் படிதான், சமாளித்துவிடலாம். அதே கசிவு ஒரு விநாடி நீடித்தால் இழப்பு 2 வோல்ட், படமே மிஞ்சாது. பல்படிகச் சிலிக்கான் வேகமானது, கசிவிலோ தாராளமானது. மேற்சொன்ன இன்டியம், காலியம், துத்தநாக ஆக்சைடு அதற்கு நேர்மாறு: ஓட்டத்தில் நடுத்தரம், மூடினால் கசிவு அளக்கவே அரிது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிடேயோ ஹொசோனோ குழு, படிக ஒழுங்கற்ற இந்த ஆக்சைடில் செய்த வளையும் டிரான்சிஸ்டர்களை 2004இல் அறிவித்தது. 2012இல் ஷார்ப் நிறுவனம் அதைக் கொண்டு பேனல்களைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது.

கடிகாரத்தில் இருப்பது தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரை. அங்கே சேமித்த அழுத்தம், டையோடு வழியே எவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்பதை இயக்கும் டிரான்சிஸ்டர் வாயிலாகத் தீர்மானிக்கிறது. மின்னோட்டம் அழுத்த வேறுபாட்டின் இருபடியைப் பின்பற்றுவதால் சிறு கசிவும் ஒளியில் பெருகித் தெரியும். ஆகவே இயக்கும் டிரான்சிஸ்டரைப் பல்படிகச் சிலிக்கானிலும், சேமிப்பு மின்தேக்கியைக் காக்கும் சுவிட்சை ஆக்சைடிலும் செய்து, இரண்டையும் ஒரே பிக்சலுக்குள் அமைக்கிறார்கள். 2019இல் வந்த ஐந்தாம் வரிசை ஆப்பிள் வாட்ச் இந்தக் கலப்பு முறையால்தான், திரையை அணைக்காமலேயே புதுப்பிக்கும் வேகத்தை விநாடிக்கு ஒன்றாக இறக்க முடிந்தது.